திவசத்துக்கு வந்த புரொபசர்

1891ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிமோனியாவில் இறந்துபோன பொருளாதாரப் பேராசிரியர் ஹைரம் வெதர்பீ, கடந்த ஐந்து ஆண்டுகளாக மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் லண்டன் சட்டனிலுள்ள கிருஷ்ணராசா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார். கறுப்புக் கோட்டு, நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைப்பார். முதல் தடவை கிருஷ்ணராசாவின் மனைவி யோகமலர் அவரைக் கவுன்சில் ஆள் என்று நினைத்து, அனுமதி எடுக்காமல் கொல்லையில் கட்டிய ஷெட்டின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அவர் வந்ததற்குக் காரணம் ஒரு படம். கிருஷ்ணராசாவின் அப்பா ஞானரட்ணத்துக்கு இருந்த ஒரேயொரு படமும் போரில் இடம்பெயர்ந்தபோது மழையில் நனைந்து முகம் கரைந்துவிட்டது. மகள் கோசிகா அதைப் போனில் ஒரு ஆப்புக்குக் கொடுத்தாள். ஆப் பத்து வினாடியில் முகத்தைத் திருத்தி, கேட்காமலே ஒரு தாடியும் வைத்துத் தந்தது. சட்டம் போட்டு, மாலை சாத்தி, திவசத்தன்று அதற்கு முன்னால் படைத்தார்கள். வெம்பிளியிலிருந்து வந்த ஊர்க்காரர் பத்மநாதன் பார்த்தவுடன் அழுதார். "அந்தக் கண் அப்பிடியே ஞானரட்ணத்தார்தான். தாடி கடைசிக் காலத்தில வளர்த்திருப்பார்" என்றார். லண்டனின் மறுபக்கம், பார்க்கிங் என்ற ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு மூக்குப் பொருந்தியது. கிருஷ்ணராசாவும் தலையாட்டினார். பத்தொன்பது வயதில் ஜெர்மனிக்குப் போனவர், அதன் பிறகு அப்பாவைக் காணவில்லை. அந்த முகம் தனக்கு மறந்துவிட்டது என்பதை அவர் பெண்சாதிக்குக்கூடச் சொன்னதில்லை.

ஆப் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய முகம் வெதர்பீயினுடையது. படைத்தது படத்தில் இருப்பவருக்குத்தான் போகும் என்பதால் அவர் வந்தார், அவ்வளவுதான். பேசுவதிலும் சிரமம் இருக்கவில்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் பேராசிரியர்கள் பலரைப்போல அவரும் ஜெர்மனியில் படித்தவர். கிருஷ்ணராசா டோர்ட்முண்டில் இருபது வருடம் வீட்டுத் தரைகளுக்கு றைல்ஸ் பதித்தவர், ஆங்கிலத்தைவிட ஜெர்மன்தான் அவருக்கு நன்றாக ஓடும். சோற்றுக்கும் பாயசத்துக்கும் நடுவில் புரொபசர் தன் வாழ்க்கையை ஆண்டுக்கொரு பகுதியாகச் சொன்னார். வெர்மான்ட்டில் செருப்புத் தைப்பவரின் மகன். ஒஹையோவில் ஒரு சின்னக் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் படிப்பித்தார். மாணவர்கள் தூங்கினார்கள், அதையும் ஓய்வின் பெறுமதி என்று ஒரு அத்தியாயமாக எழுதினார். வெளிநாட்டுக் கம்பளிக்கு வரி கூடாது என்று பேசினார், கல்லூரியை நடத்தியவர்கள் கம்பளி ஆலைக்காரர்கள் என்பதால் வேலை போயிற்று. எந்த நல்ல பொருளும் முதல் தடவை தந்த இன்பத்தை அடுத்த தடவை தராது என்பது அவருடைய எழுநூறு பக்கப் புத்தகத்தின் சாரம். யோகமலர் மூன்றாவது வடையை வைத்தபோது அவர் அதைத் தின்று முடித்து, கோட்டிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்து, ஒரு வரியைக் கோடு போட்டு வெட்டினார். அவருக்குப் பிள்ளை குட்டி இல்லை. நூற்றுமுப்பது வருடமாக எவரும் அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

நான்காம் ஆண்டு கிருஷ்ணராசா துணிந்து கேட்டார், செத்தவர்கள் இருக்கும் இடத்தில் தன் அப்பாவைக் கண்டீர்களா என்று. புரொபசர் தாடியைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"இஞ்சாருங்கோ, என்னவாம்?" என்றாள் யோகமலர்.

"அப்பா எங்கட வாசல் கேற்றடியில நிக்கிறாராம். வருஷா வருஷம் வந்து நிக்கிறவராம்."

"ஐயோ! சாப்பிடாமலோ?"

"படம் தன்ர இல்லையாம். கூப்பிடாத வீட்டில எப்பிடிக் கை நனைக்கிறதெண்டு கேட்டவராம்."

"அப்ப படத்தைக் கழட்டுவம், அப்பா" என்றாள் கோசிகா.

"கழட்டினா இந்த மனிசன் வரேலாதே, பிள்ளை."

புரொபசருக்கு நிலைமை விளங்கியது. ஓர் இடம், இரண்டு பேர், ஒருவர் எழும்பத்தான் வேண்டும், தான் வாழ்நாளெல்லாம் படிப்பித்தது இதைத்தான் என்று சொல்லி எழுந்தார். கிருஷ்ணராசா அதை மொழிபெயர்த்தார்.

"இவரிட்டப் படிச்ச பிள்ளையள் பாவம்" என்றாள் யோகமலர். "இருக்கச் சொல்லுங்கோ. பிள்ளை, இன்னொரு இலை போடு. நீங்கள் போய் மாமாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கிருஷ்ணராசா வெறுங்காலோடு வெளியே நடந்தார். கேற்றடியில் வேட்டி கட்டி, முகம் மழித்த ஒருவர் நின்றார், பார்வைக்குக் கிருஷ்ணராசாவைவிட வயது குறைவு. கிருஷ்ணராசாவுக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஐயா, நீங்கள் ஆர்?" என்று நின்றவர்தான் முதலில் கேட்டார்.

"நான் ராசா, அப்பா."

"சும்மா இருங்கோ ஐயா. என்ர பெடியனுக்குத் தலை நிறைய மயிர்."

கிருஷ்ணராசா வழுக்கையைத் தடவினார். "அது ஜெர்மனியில கொட்டிப்போட்டுது, அப்பா."

அவர் சிரித்தார். சிரித்ததும் கிருஷ்ணராசாவுக்கு அந்த முகம் ஞாபகம் வந்துவிட்டது.

இந்த வருடத் திவசத்துக்கு யோகமலர் இரண்டு பேருக்கும் காணும்படி அரிசி ஒரு சுண்டு கூடுதலாக அளந்து போட்டாள்.