எட்டாவது பெட்டி

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்ப் படுக்கையறைத் தலையணைக்கு அடியில் அமுக்கி வைத்துவிட்டு வந்தார் கணவர். மின்விசிறி ஏற்கனவே நின்றிருந்தது. ஃபிரிஜ்ஜின் பிளக்கைப் பிடுங்கி, அது கடைசியாக ஒரு முறை உடம்பை உதறிக்கொண்டு அடங்குவதையும் நின்று பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு வீடு இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்பதே அவருக்குப் புதிய செய்தி.

"இன்னும் எதை நிறுத்தணும்? என் மூச்சு மட்டும்தான் பாக்கி."

"அதை வெளிய போய் விட்டுக்குங்க," என்றாள் அவள், சாப்பாட்டு மேசைமேல் கறுப்புத் துணியைச் சுருக்கமில்லாமல் நீவியபடி.

அவள் ஒரு பல் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற வேலை. இருபத்திரண்டு வருடங்களில் எத்தனையோ பேர் அவள் செய்த பல்லால் சிரித்திருக்கிறார்கள், கடித்திருக்கிறார்கள், பக்கத்து வீட்டோடு சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் அவளைத் தெரியாது. அவர்களைப் பார்க்கிறவர்களுக்கோ அது பொய்ப்பல் என்றே தெரியாது. அதுதான் அவள் கணக்கில் நல்ல வேலை. "சூப்பரா பல்லு கட்டியிருக்காங்களே" என்று யாராவது சொன்னால் அந்த வேலை கெட்டுப்போனது என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவளுக்குப் பழைய மந்திரவித்தைச் சாமான்கள்மேல் பித்துப் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. வித்தை காட்ட அவளுக்கு வராது. நாலு பேர் முன்னால் நின்றால் கை நடுங்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு வேண்டியதெல்லாம் சாமான்தான். எழுபது, எண்பது வருடங்களுக்கு முன்னால் யாரோ ஒரு தச்சரோ பித்தளை வேலை செய்யும் கன்னாரோ உட்கார்ந்து, பார்த்தால் வெறும் டப்பா என்று தோன்றுகிற மாதிரியே ஒரு டப்பாவைச் செய்து, அதன் வயிற்றுக்குள் தன் மூளை முழுவதையும் ஒளித்து வைத்திருப்பார். வெளியே தெரிகிற அழகில் அவளுக்கு நாட்டமில்லை. தெரியாத அழகைக் கண்டால் ஆளே மாறிவிடுவாள். ஹாலில் கண்ணாடி அலமாரி நிறைய அப்படி நாற்பத்தோரு சாமான்கள் இருக்கின்றன. இரட்டைச் சுவர் வைத்த பித்தளைக் குவளை, பந்தை விழுங்குகிற மரச் சாடி, எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரே எண்ணைக் காட்டுகிற பகடைக் கூண்டு. ஒவ்வொன்றையும் அவள் துடைக்கிற விதத்தைப் பார்த்தால் பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள் என்றுதான் நினைப்பீர்கள்.

சேகரிப்பவர்களின் சங்கத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. சங்கத்தில் இல்லாத எவர் முன்னாலும் சாமானின் வயிற்றைத் திறக்கக் கூடாது, தாலி கட்டினவராக இருந்தாலும். அதனால் யாராவது சேகரிப்பாளர் வீட்டுக்கு வந்தால் கணவர் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். மூன்றாவது மாடிப் படிக்கட்டின் முன்னால் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நிரந்தரமாகவே கிடக்கிறது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், பொறுமைக்குப் பேர் போனவர். எதிர்வீட்டு அம்மாள் முதலில் ஏதோ குடும்பத் தகராறு என்று நினைத்துப் பரிதாபப்பட்டாள். விஷயம் தெரிந்த பிறகு அதைவிட அதிகமாகப் பரிதாபப்பட்டாள்.

எப்போது உள்ளே வரலாம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எல்லாச் சாமானையும் காட்டிவிட்டுக் கடைசியாகத்தான் அந்த மரப்பெட்டியை எடுப்பாள். அதன் மூடியை மூடும்போது உள்ளேயிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது காதில் விழுந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து கதவைத் தள்ளுவார். ஒன்பது வருடமாக அதுதான் அவருக்கு மணியோசை.

இன்றைக்கு எல்லாமே அந்தப் பெட்டிக்காகத்தான்.

ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். கருஞ்சிவப்பு மரம், ஆணி கிடையாது, பெயர் கிடையாது. உங்கள் மோதிரத்தைக் கழற்றி உள்ளே போட்டு மூட வேண்டும். திறந்தால் பெட்டி காலி. மறுபடி மூடித் திறந்தால் மோதிரம் இருக்கும். உள்ளே ஒரு பலகை நகர்கிறது என்பதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்னால், வீடு காலி செய்த யாரோ தெருவோரம் பரப்பி வைத்த சாமான்களுக்கு நடுவே பட்டன் டப்பாவாக அது கிடந்தது. பட்டன்களைத் தள்ளிவிட்டு விரலை உள்ளே விட்டவளுக்கு வெளி உயரமும் உள் ஆழமும் ஒத்துவரவில்லை. ஒரு நெல்மணி கனம் வித்தியாசம். வாய்க்குள் அதைவிடச் சின்ன வித்தியாசங்களோடு மல்லுக்கட்டுகிற விரல் அது. ஒன்றும் தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு பட்டன்களோடு சேர்த்து வாங்கி வந்தாள். அதுதான் முதல் சாமான். மற்ற நாற்பதும் அதன் பின்னால் வந்தவை.

அது ஊமைத் தச்சரின் வேலை என்று அவள் உயிரை வைத்துச் சொல்வாள். ஊமைத் தச்சர் ஊமை இல்லை. வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்றே கேள்வி. அவர் பெட்டிகள்தான் ஊமை. உள்ளே என்ன நடந்தாலும் மூச்சுவிடாது. தன் பெயரை எதிலும் பொறிக்காத அந்த மனிதரின் ஒரே கையெழுத்து அந்த அமைதி. உலகத்தில் ஏழு பெட்டிகள் இருப்பதாகத் தெரியும். அந்த ஏழையும் கையால் தொட்டுப் பார்த்த ஒரே மனிதர், அவற்றைப் பற்றிப் புத்தகம் எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் இன்று பதினோரு மணிக்கு அவள் வீட்டுக்கு வருகிறார். அவர் சொன்னால் எட்டு. சொல்லாவிட்டால் அவள் ஒன்பது வருடமாகக் கும்பிட்டது ஒரு பட்டன் டப்பாவை.

அவர் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்தே தலை நரைத்தவர். சங்கத்தில் அவருக்குச் சுருதிக்காரர் என்று பெயர். வந்தார், தண்ணீர் குடித்தார், ஃபிரிஜ் பேசவில்லை என்பதைக் கவனித்து, "ரொம்ப நல்லதும்மா" என்றார். கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பெட்டியை அவர் எடுத்த விதத்திலேயே அவளுக்கு வயிறு குளிர்ந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும், ஏந்தினாற்போல. மூலைகளை விரலால் தடவினார். மரத்தின் ரேகை ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு அறுபடாமல் ஓடுவதைப் பார்த்து ரசித்துத் தலையசைத்தார். பிறகு தன் மோதிரத்தை உள்ளே போட்டு, இரண்டில் நன்றாகக் கேட்கிற காதை மூடியருகே கொண்டுபோய், மூடினார்.

டிக்.

கதவு திறந்தது. "முடிஞ்சுதா? வரலாமா?" என்று தலையை நீட்டினார் கணவர்.

சுருதிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "வாசல்ல இருக்கறவருக்கே கேட்டுடுச்சேம்மா."

அவள் பார்த்த பார்வையில் கணவர் வந்த வேகத்திலேயே கதவைச் சாத்திக்கொண்டார்.

"மனசு கஷ்டப்படாதீங்க," என்றார் சுருதிக்காரர். "அருமையான வேலைதான். இல்லைன்னு சொல்லலை. அவரைப் பார்த்துச் செஞ்சவங்கன்னு புத்தகத்துல பின்னாடி ஒரு பட்டியல் இருக்கு. அதுல முதல் இடம் இதுக்குத்தான்." பையிலிருந்து புத்தகத் தாள்கட்டை எடுத்து, பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி சேர்த்தார்.

பின்னாடி ஒரு பட்டியல். அவளுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. அழுகை வருமோ என்று பயந்தாள், வந்தது கோபம். இந்தப் பெட்டியைச் செய்த கை யாரையும் பார்த்துச் செய்த கை இல்லை. அவளே வாழ்நாள் முழுக்க நகல் எடுக்கிறவள். ஒருவர் பல்லைப் பார்த்து இன்னொரு பல் செய்கிறவளுக்கு, பார்த்துச் செய்ததற்கும் தானே யோசித்துச் செய்ததற்கும் உள்ள வித்தியாசம் தெரியாதா?

"ஒரு பத்து நிமிஷம் குடுங்க சார்," என்று சொல்லி வேலைப் பையை எடுத்து வந்தாள். அதிலிருந்து நீலத் தாள் ஒன்றை உருவினாள். புதுப்பல் வைத்ததும் வாயில் கொடுத்துக் கடிக்கச் சொல்வார்களே, அந்த மை பூசிய மெல்லிய தாள். எங்கே அதிகமாக இடிக்கிறதோ அங்கே நீலப்பொட்டு விழும். "சத்தம் வருதுன்னா ஏதோ ரெண்டு இடிக்குது. மரமும் மரமும் இடிச்சா இப்படிச் சத்தம் வராது. இது மரத்தோட சத்தம் இல்லை."

அவர் காது அதை ஒப்புக்கொண்டது. புருவத்தை உயர்த்தினார்.

பலகைக்கும் சுவருக்கும் நடுவே தாளை நுழைத்து மூடினாள். திறந்தாள். பையிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். பலகையின் ஓரத்தில், பின் மூலையில், கடுகளவு நீலப்பொட்டு. அது மரத்தின்மேல் விழவில்லை. மரத்தின்மேல் மெழுகியிருந்த ஏதோ ஒன்றின்மேல் விழுந்திருந்தது. கண்ணாடிபோலத் தெளிவாக, மரத்தோடு மரமாக இழைந்து, நல்ல கைவேலையாக.

அக்ரிலிக். பல் செட்டுச் செய்கிற அக்ரிலிக்.

பெட்டியை வாங்கி வந்த அன்று சாயங்காலம் கண்முன்னால் வந்து நின்றது. தூசு தட்டினாள், உள்ளே பலகையைத் தொட்டாள், அது ஒரு மயிரிழை ஆடியது. ஆடுகிற எதையும் அவளால் விட்டுவைக்க முடியாது, தொழில் அப்படி. பாவம், வயசாகித் தளர்ந்துவிட்டது என்று நினைத்து ஒரு துளி வைத்து இறுக்கினாள். அதற்கப்புறம்தான் முதன்முதலாக மூடியை மூடிப் பார்த்தாள். அந்த டிக்கைப் பெட்டியின் சொந்தக் குரல் என்றே ஒன்பது வருடம் நம்பியிருந்தாள். பலகை தளர்ந்திருக்கவில்லை. இடிக்காமல் நகர்வதற்காகத் தச்சர் விட்ட இடைவெளி அது. அவருடைய மொத்தக் கெட்டிக்காரத்தனமும் அந்த மயிரிழையில் இருந்தது. அதைத்தான் அவள் அடைத்திருந்தாள்.

சுருதிக்காரரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. "எவனோ ஒரு முட்டாள் கை வச்சிருக்கான் பாருங்க! உங்களுக்கு முன்னாடி இருந்தவனா இருக்கும். நீங்ககூடச் சங்கத்து இதழ்ல எழுதினீங்களே, கை அரிச்சா சொறிஞ்சுக்கங்க, சாமானைத் தொடாதீங்கன்னு. என்ன ஒரு கட்டுரை! அதைப் படிச்சிருக்கணும் இவன்."

வழி திறந்துதான் கிடந்தது. 'ஆமாம் சார்' என்று ஒரு வார்த்தை. பெட்டியை விற்ற பட்டன்காரர்மேல் பழியைப் போட்டால் கேட்க யாரும் வரப்போவதில்லை. ஆனால் அப்படிச் சொன்னால், உள்ளே இன்னொருவர் கை பட்டதே ஒன்பது வருடமாக அவளுக்குத் தெரியவில்லை என்றாகி, இந்தப் பெட்டியைப் பற்றி அவளுக்கு உள்ள ஒரே பெருமையும் போய்விடும்: அதை அவளைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை என்பது.

"அந்த முட்டாள் நான்தான் சார்."

உருப்பெருக்கிக்குப் பின்னால் பெரிதாகத் தெரிந்த அவள் கண்ணை அவர் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வாங்கின அன்னைக்கே வச்சேன். சரி பண்றதா நினைச்சு. வச்சது நான், எடுக்கப்போறதும் நான். உக்காருங்க."

"மரத்துல கீறல் விழுந்தா..."

"விழாது," என்றாள். அந்த ஒரு வார்த்தையில் இருபத்திரண்டு வருடம் இருந்தது. சுருதிக்காரர் உட்கார்ந்தார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. கொக்கி ஊசியால் அக்ரிலிக்கை மட்டும் தூள்தூளாக எழுப்பி, பஞ்சால் ஒற்றி எடுத்தாள். மூச்சை அடக்கி ஒரு சுரண்டல், விட்டு ஒரு ஒற்றல். நடுவில் கதவுக்கு வெளியேயிருந்து, "ஏம்மா, ஒரு டீயாவது..." என்று ஒரு குரல் வந்தது. "அடுப்பு உள்ள இருக்குங்க, நீங்க வெளிய இருக்கீங்க," என்றாள் தலை நிமிராமல். அதோடு அது அடங்கிவிட்டது. கடைசித் தூளும் போனபோது பலகை அவள் விரல் நுனியில் ஒரு மயிரிழை ஆடியது. ஒன்பது வருடத்துக்கு முன் அவள் நோய் என்று நினைத்த அதே ஆட்டம். கீழே மரம் புத்தம் புதிதாக, கீறல் இல்லாமல், தச்சர் விட்டுப்போன நிறத்திலேயே இருந்தது.

அவள் தன் மோதிரத்தைக் கழற்றி உள்ளே போட்டாள். சுருதிக்காரர் நல்ல காதைக் கொண்டுவந்தார். மூடினாள்.

"மூடுங்கம்மா," என்றார் அவர்.

"மூடிட்டேன் சார்."

அவர் மெதுவாகத் திரும்பி மூடியைப் பார்த்தார். திறந்தாள், காலி. மூடித் திறந்தாள், மோதிரம். உள்ளே ஒரு பலகை போய்விட்டு வந்திருந்தது, சொன்னால்கூட நம்ப முடியாது. அவருடைய கண் கலங்கிவிட்டது. தாள்கட்டை மறுபடி எடுத்து, பின்னால் எங்கேயோ ஒரு வரியைப் பென்சிலால் அடித்தார். முன்னால் வந்து ஏழுக்குக் கீழே எட்டு என்று எழுதினார்.

"நான் அக்ரிலிக் வச்சதையும் எழுதிக்குங்க."

"எழுதாம விடுவேனா? எடுத்ததையும் எழுதுறேன். அதை இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதுறேன்."

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. கணவரைக் கூப்பிடலாம் என்று வாசல் பக்கம் திரும்பினாள். கதவுக்கும் தரைக்கும் இடையே இருந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு கால்களின் நிழல் தெரிந்தது. கதவை ஒட்டி, ஒரு கால் மாற்றி ஒரு காலாக, டிக் கேட்டதும் உள்ளே வருவதற்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சுருதிக்காரரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். மூடியைத் திறந்து, இன்னொரு முறை மூடினாள்.

கதவு அசையவில்லை.