ஒருத்திக்கு உலை

புருஷன் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கொழுந்தன் ராசாங்கம் என்னைத் தனி அடுப்புக்குத் தள்ளிவிட்டான். தா.பழூர் பக்கம் இருந்த நிலமெல்லாம் அவனுக்கு. பிள்ளையில்லாத எனக்குக் கொல்லைப் பக்கத்து அறையும் வருஷத்துக்கு நாலு மூட்டை நெல்லும். "ஒத்தக் கட்டைக்கு இது போதாதா அண்ணி?" என்றான். இருபது வருஷம் என் கையால் தின்று கொழுத்த வாய் அது.

பன்னிரண்டு பேருக்கு வடித்துப் பழகிய கை எனக்கு. குறைத்துத்தான் போட்டோம் என்று நினைப்பேன்; வடித்துப் பார்த்தால் மூன்று பேருக்கு இருக்கும். தண்ணீர் ஊற்றி மறுநாள் தின்பேன். அதற்கு மறுநாளும் அதையே தின்பேன். பானை புளித்து நாறியது. எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது.

முன் வீட்டில் கதை வேறு. யுத்தம், தானியத்துக்குக் கன்ட்ரோல் என்று சாக்குச் சொல்லி ராசாங்கம் அரிசியைத் தானே அளந்து கொடுத்துவிட்டு, அரிசி வைத்த அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வான். அவன் பெண்டாட்டி செங்கமலம் மற்ற ஒன்பது பேருக்கும் போட்டு முடிக்கும்போது பானையில் ஒன்றும் இருக்காது. ஒரு நாள் மத்தியானம் என் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். என்னைத் தனியே தள்ளச் சொல்லித் தூபம் போட்டதே அவள்தான்.

"சோறு மிச்சம் இருக்கா?" என்றாள்.

போட்டேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றாள். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து தினம் வந்தாள். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சோறு வீணாகவில்லை, அவ்வளவுதான்.

தை அறுப்பு முடிந்தது. எனக்கு நெல் அளக்க வேண்டிய அன்று ராசாங்கம் ஊர்ப் பெரியவர் உத்திராபதியைக் கூட்டிவந்து என் வாசலில் நிறுத்தினான்.

"தெனம் ரெண்டு வட்டில் கழுவிக் கவுத்துறாங்க. ஒத்தப் பொம்பளைக்கு ரெண்டு வட்டில் எதுக்குங்க? எவனோ வந்து தின்னுட்டுப் போறான். நான் எதுக்கு நெல்லு அளக்கணும்?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஒம் பொண்டாட்டியக் கேளுடா. தெனம் வந்து திங்கிறது அவதான். நீ அளந்து குடுக்குற லட்சணம் அப்படி!"

ராசாங்கம் திரும்பிப் பார்த்தான். கதவோரம் நின்ற செங்கமலத்துக்கு அந்தப் பார்வையிலேயே உதடு வெளுத்துவிட்டது.

"நான் எதுக்குங்க அங்க போறேன்?" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "ஒரு ஆம்பள வந்துட்டுப் போறத நானே பாத்தேன்."

தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. உத்திராபதி தொண்டையைச் செருமினார். "கொளஞ்சி, இந்த வருசம் ஒரு மூட்ட வாங்கிக்க. மத்தத ஒன் நடத்தையப் பாத்துட்டுப் பேசிக்கலாம்."

நான் அழவில்லை. அவர்கள் முன்னால் அழுவேனா?

மறுநாள் உலை கொதித்ததும் அரிசிக்குள் கையை விட்டேன். இரண்டே பிடி. வடித்துப் பார்த்தேன், ஒருத்திக்குச் சரியாக இருந்தது.

மத்தியானம் கொல்லைக் கதவு திறந்தது. அவள்தான். கன்னத்தில் ராசாங்கத்தின் விரல் அப்படியே பதிந்திருந்தது. "அக்கா" என்றாள்.

அவளைப் பார்த்துக்கொண்டே கடைசிப் பருக்கைவரை வழித்துத் தின்றேன். பிறகு பானையைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"ஒருத்திக்கு வடிக்க எனக்கு இப்பத்தான்டி கை வந்துச்சு."