பாஸ்வேர்ட் தெரிந்தவர்கள் எல்லோரும் அக்கா

1

இதை நானாக எழுத ஆரம்பிக்கவில்லை. அக்கா கேட்டாள். அவள் கேட்டதும் கதை அல்ல, புகார்.

"பக்கம் பக்கமா எழுதுறியே, அந்த ஷேர் புரோக்கர் ஆபீஸ்காரங்க நம்புற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் கொடு."

அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குகளை, யாரோ அவளுடைய ஆன்லைன் கணக்கில் புகுந்து விற்று, ஒன்றுக்கும் உதவாத ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கிப் போட்டுவிட்டார்கள். அவளுக்கும் அத்தானுக்கும் முதுமைக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

முதல் தொடக்கம்: 'ஒரு திருடன் என் அக்காவின் கணக்கில்

[நிறுத்திவிட்டேன். கணக்கு தொடங்கும்போது அவள் ஒப்புக்கொண்ட நிபந்தனை இது: கடவுச்சொல்லைக் கொண்டு செய்யப்படும் எதுவும் வாடிக்கையாளரே செய்ததாகக் கருதப்படும். ஆக, திருடனும் அக்காதான். இப்படியொரு பாத்திரத்தைப் படைக்க எனக்குத் துப்பில்லை.]

2

இரண்டாவது தொடக்கம்: 'பாஸ்வேர்டை அக்கா யாரிடமும் சொன்னதில்லை.'

பொய். கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு கிடந்தபோது அத்தானிடம் சொன்னாள். பங்கு விலை நிலவரம் கேட்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. மருந்தின் பெயரைச் சொன்னால் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது நர்ஸ்களின் வழக்கம். அதே வழக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, அத்தானையும் உரக்கத் திருப்பிச் சொல்ல வைத்தாள். பத்துப் பேர் படுத்திருந்த பொது வார்டில்.

3

புரோக்கர் ஆபீஸின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் ஸ்பீக்கரில் பேசினோம். தேன் ஒழுகும் குரல்.

"வேற யாருக்கும் பாஸ்வேர்ட் தெரியாதுன்னா நீங்கதான் பண்ணியிருக்கணும், மேடம். தெரியும்னா, சொன்னது உங்க தப்பு."

"அப்ப நான் என்னதான் சொல்றது?"

"வீட்டுக்காரர்தான் உங்களுக்குத் தெரியாம பண்ணிட்டார்னு போலீஸ்ல எழுதிக் கொடுங்க. அப்புறம் பார்க்கலாம்."

அத்தான் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் அவர் வருவதில்லை.

ஒரு நாள் அக்கா என் காதருகே வந்து கேட்டாள்: "ஒருவேளை அவராவே இருக்குமோ?"

பணம் போனால் போகட்டும். அவளை இப்படிக் கேட்க வைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

4

முடிவுகள்.

அவள் எழுதிக் கொடுக்கிறாள். பணம் வரலாம். அத்தான் இருக்கமாட்டார்.

அவள் எழுதிக் கொடுக்கவில்லை. பணம் போய்விடுகிறது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

உண்மையான திருடன் பிடிபட்டு

[இதை வாசித்துக் காட்டியபோது அக்கா சிரித்தாள். "கதை விடாதே" என்றாள்.]

புகார் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். புகார் மேசைமேல் இருக்கிறது. செய்தவர் பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. அத்தான் அறைக்கு வெளியே நின்றபடி என்னிடம் சொல்கிறார்: "என் பேரையே போட்டுடு. அவளுக்குப் பணமாவது வரட்டும்."

செய்யாதவர் சொல்லும் பேச்சா இது, செய்தவர் சொல்லும் பேச்சா? இவ்வளவு எழுதியும் எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை என்பது அவள் முகத்தில் தெரிகிறது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அக்கா பேனாவுக்காகக் கையை நீட்டுகிறாள். நான் கொடுக்கவில்லை. உங்களிடமும் ஒரு பேனா இருக்குமே, நீங்கள் கொடுப்பீர்களா?