பதினொரு கழுகுகள்

மாடு செத்தால் புதைப்பார்கள், இல்லையென்றால் தோலுக்குக் கொடுப்பார்கள். பால்காரி தன் மாட்டைக் கழுகுகளுக்குக் கொடுத்துவிட்டு, அவை தின்பதைப் பார்க்கப் புருஷனையும் கூட்டிக்கொண்டு சரணாலயத்துக்கு வந்திருந்தாள். கேட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவள் சட்டை செய்யவில்லை. கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே.

வாக்குக் கொடுத்தது கழுகம்மாவுக்கு. பள்ளிக்கூடத்தில் பால்காரியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது இங்கே பிணந்தின்னிக் கழுகுகளுக்கு இரை வைக்கிறாள். ஆயிரக்கணக்கில் இருந்த பறவைகளில் மிச்சம் அறுபத்து மூன்று. மற்றதையெல்லாம் கொன்றது, மாட்டுக்குப் போடுகிற ஒரு வலி ஊசி. ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டு, மூன்றே நாளில் கழுத்துத் தொங்கிச் செத்துவிடும். அதனால் கழுகம்மா கண்டவர்களிடம் மாடு வாங்குவதில்லை. தெரிந்தவர்களிடம் மட்டும்தான் வாங்குவாள், அதற்கும் ஒரு பாரம் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"மூணாவது கேள்விதான் முக்கியம். கடைசி முப்பது நாள்ல ஏதாவது ஊசி போட்டீங்களா?" என்று காலையில் வாசலிலேயே கேட்டாள்.

பால்காரி புருஷனைப் பார்த்தாள். மகள் பிரசவத்துக்குப் போய் ஒன்பது நாள் அவள் வீட்டில் இல்லை. அவளுடைய மாடு மகராசி செத்ததே போனில் கேட்ட சேதிதான்.

"ஊசியா? நல்லா இருந்த மாட்டுக்கு எதுக்கு ஊசி? காலைல தின்னுச்சு, மத்தியானம் போய்ப் பார்த்தா படுத்துக் கிடக்கு. அவ்வளவுதான்" என்றான் அவன்.

பால்காரி 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாடு அவள் பேரில்தான் இருந்தது. இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவன் சொல்கிறான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பார்வையாளர்களுக்கு மரப்பலகையால் ஓர் அறை கட்டியிருந்தார்கள். சுவரில் நீளவாக்கில் திறப்பு, அதன் முன்னால் ஒரு டெலஸ்கோப். பறவை இறங்கிவிட்டால் யாரும் வெளியே போகக்கூடாது. ஒருமுறை மிரண்டால் பல நாள் அந்தப் பக்கமே வராதாம். ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் கல்யாணத்துக்குச் சீக்கிரம் வந்துவிட்டவர்களைப்போல வெட்டவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே மகராசி கிடந்தாள். கழுத்து முழுக்கச் சேறு. விழுந்து புரண்டிருக்கும் என்று புருஷன் சொல்லியிருந்தான்.

வானத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு புள்ளி. கழுகுக்கு மூக்கில் வேர்த்தாற்போல என்று சும்மாவா சொன்னார்கள்? அரைமணியில் முப்பதுக்கு மேல் வட்டமடித்தன. முதலில் ஒன்று இறங்கித் தத்தித் தத்தி வந்தது. அப்புறம் கும்பலாக வந்து விழுந்தன.

"பதினொண்ணு சாப்பிடுது. மத்ததெல்லாம் பந்திக்கு வரிசைல நிக்குது" என்று கழுகம்மா பைனாகுலரை இறக்காமல் கிசுகிசுத்தாள். "நீ பாருடி. உன் மாடுதானே, முதல்ல நீ பாரு."

பால்காரி டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். அழுகை வரும் என்று பயந்திருந்தாள், வரவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. செத்தும் நாலு உயிருக்குச் சோறு போடுகிறாளே என் மகராசி! இரண்டு கழுகுகள் கழுத்தைப் பிடித்து இழுத்தன. தலை புரண்டது. காய்ந்த சேறு கட்டியாகப் பெயர்ந்து விழுந்தது.

அதற்கடியில் உள்ளங்கை அளவுக்கு முடி இல்லை.

முடி தானாக உதிர்ந்த இடம் இல்லை அது. நாலு பக்கமும் நேராகக் கத்தரித்திருந்தது. தினமும் அந்தக் கழுத்தைத் தேய்த்துக் குளிப்பாட்டியவளுக்குத் தெரியாதா? கழுத்து நரம்பில் ஊசி ஏற்ற வேண்டுமானால் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் இப்படித்தான் கத்தரிப்பார்.

அவள் கண்ணை எடுத்துப் புருஷனைப் பார்த்தாள். அவன் கழுகைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் முகம் வேறு எப்படி இருக்கும்?

"ஊசி போட்டியா?" என்றாள். இத்தனை வருடத்தில் முதல்முறையாக 'ங்க' விட்டுப்போயிற்று.

"மெதுவா பேசு."

"போட்டியா இல்லையா?"

அவன் அவளைப் பின்சுவருக்குத் தள்ளிக்கொண்டு போனான். "தொழுவத்தை நான் கழுவாம விட்டுட்டேன், வழுக்கி விழுந்துடுச்சு. கால் போச்சு. கத்துச்சு. கம்பவுண்டரு வந்து வலிக்குப் போட்டாரு. அப்படியும் மறுநாள் செத்துப்போச்சு. சொன்னா நீ என்னைப் பிச்சு எடுத்திருப்ப. அதான்."

"அதுக்குச் சேத்தைப் பூசினியா? என்னைக் கையெழுத்துப் போட வச்சியா?"

"மாட்டைத் தரமாட்டேன்னு சொன்னா ஏன்னு கேட்பியே! இப்போ என்ன ஆயிடுச்சு? இதுங்க இங்கயா சாகப்போகுது? எங்கயோ பறந்து போய்த்தான் சாகும். யாருக்குத் தெரியும்? வாயை மூடிக்கிட்டு இரு."

சண்டைக்குப் பயந்து பொய் சொல்லாத ஆம்பிளை உண்டா, அதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் இவன் அரைமணி நேரமாக அவள் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தானே! அவள் பெருமைப்படுவதையும் பார்த்துக்கொண்டிருந்தானே!

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சுழற்றிக்கொண்டு, "போ! போ! தின்னாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கழுகுகள் இறக்கையை அடித்துக்கொண்டு எழும்பின. புழுதியில் மாடு மட்டும் மிஞ்சியது.

கழுகம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். "பைத்தியமாடி உனக்கு? ஆறு மாசமா பழக்கி வச்சிருக்கேன்!"

பால்காரி மாட்டின் கழுத்தைக் காட்டினாள். கழுகம்மா குனிந்து பார்த்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்ன மருந்து? வலி மருந்துல சிலது ஒண்ணும் பண்ணாது. ஒண்ணு கொன்னுடும். எது போட்டாங்க? சொல்லுடி!"

அது புருஷனுக்குத்தான் தெரியும். அவன் மெல்ல நடந்து வந்து சேர்ந்தான். மற்றவர்கள் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊசியெல்லாம் ஒண்ணும் போடலைங்க" என்றான். "மாடு போன துக்கத்துல அவ ஏதோ உளறுறா."

கழுகம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மேலே கழுகுகள் இன்னும் போகவில்லை, சுற்றிக்கொண்டுதான் இருந்தன. "அண்ணே, ஒரு பறவை செத்தாலும் அறுத்துப் பார்ப்பாங்க. மருந்து இருந்தா தெரிஞ்சுடும். கேஸ் பாரத்துல இருக்கிற கையெழுத்து மேலதான் வரும். உங்க சம்சாரம் ஜெயிலுக்குப் போவா. இப்பவாவது சொல்லுங்க."

பால்காரி அவன் வாயையே பார்த்தாள். எனக்காகவாவது சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். சொல்லிவிட்டால் போதும், மற்றதையெல்லாம் வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

அவன் தரையைப் பார்த்தபடி, "கையெழுத்துப் போட்டது அவதானே" என்றான்.

கழுகம்மாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. குழி வெட்டுகிற வண்டிக்குப் போன் போட்டாள். கம்பவுண்டர் நம்பரைப் பால்காரியிடம் வாங்கிப் பேசினாள். பேசி முடித்துப் போனைக் கீழே இறக்கினாள்.

"அதே மருந்துதான்" என்றாள். அவளால் பால்காரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பால்காரிக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

"பதினொண்ணு தின்னுச்சுன்னு சொன்னேல்ல?"

"ம்."

"எங்க போய் அடையும்னு உனக்குத் தெரியும். மூணு நாளும் உன்கூடவே இருக்கேன். கழுத்துத் தொங்குறதுக்குள்ள தேடிப் பிடிப்போம்."

கழுகம்மா தலையாட்டினாள்.

புருஷன் தொண்டையைச் செருமினான். "மூணு நாளா?" என்றான். "அப்போ வீட்டுல எனக்குச் சாப்பாடு?"