கெட்டி ஆயில்

5W-30 என்ற மெல்லிய ஆயில் ஊற்ற வேண்டிய தன் பழைய காருக்கு அண்ணன் கெட்டியான 20W-50 ஆயிலை ஊற்றியது அதை யாரோ ஒரு ஊரான் தலையில் கட்டுவதற்காகத்தான். தேய்ந்த இன்ஜினுக்குக் கெட்டி ஆயில் ஊற்றினால் தடதடப்பு கொஞ்ச காலம் அடங்கிக் கிடக்கும். பழைய வண்டி விற்பவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். அப்புறம் வாங்கினவன் பாடு. இதற்காக அண்ணனின் தூக்கம் ஒன்றும் கெடவில்லை.

வாங்க வந்ததோ தங்கை புருஷன். "வெளியாளுக்குக் குடுக்கிறத எனக்குக் குடுங்க மச்சான். வேலைய விட்டுட்டு வாடகைக்கு ஓட்டப்போறேன்" என்றான். வேண்டாம் என்று சொல்லக் காரணம் வேண்டுமே. உண்மையைச் சொன்னால், யாரை ஏமாற்றப் பார்த்தீர்கள் என்ற கேள்வி வரும். மென்று விழுங்கித் தலையாட்டிவிட்டான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இந்த வண்டி படுத்தால் தங்கை வீட்டில் அடுப்பு எரியாது.

இன்று தங்கையும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். பின் சீட்டில் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். சனியன் தடதடத்துத் தொலைக்கக் கூடாதா என்றும் இருந்தது, தடதடத்துவிடுமோ என்றும் இருந்தது. அது வாயே திறக்கவில்லை.

"என்ன மச்சான், பூனை மாதிரி போகுது!"

வாசலில் இறங்கியதும் தங்கை பானட்டைத் திறக்கச் சொன்னாள். முட்டை வாங்கினாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள் அவள்.

"என்ன ஆயில் ஊத்துறீங்க மச்சான்? இனிமே நான்தானே மாத்தணும்" என்றான் மாப்பிள்ளை.

மற்ற எல்லாக் கேள்விக்கும் அண்ணன் பதில் வைத்திருந்தான். 5W-30 என்று சரியானதைச் சொன்னால், மாப்பிள்ளை அதை நம்பி ஊற்றுவான்; சவாரி போகும்போது நடுரோட்டில் தேய்ந்த இன்ஜின் கையை விரித்துவிடும். ஊற்றியதைச் சொன்னால் குட்டு உடையும்.

"ட்வென்டி ஃபிஃப்டி" என்றான் கடைசியில்.

மாப்பிள்ளைக்கு அது வெறும் நம்பர். தங்கை குனிந்து ஆயில் மூடியைப் பார்த்தாள். அதன்மேல் 5W-30 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். மீதியை அவன் முகம் சொல்லிவிட்டது.

பானட்டை மூடினாள். "இந்த வண்டி வேணாங்க. கலர் எனக்குப் பிடிக்கல."

"கலரா? உனக்கென்ன கிறுக்கா? சொந்த அண்ணன் குடுக்கிறாரு, கலர் பார்க்கிறியே!" மாப்பிள்ளை தெருவே கேட்கக் கத்தினான். அவள் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

அவள் நாலு அறை விட்டிருந்தால்கூட அண்ணன் தாங்கியிருப்பான். "மாப்ள, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க..." என்று ஆரம்பித்தான்.

"நீ உள்ள போண்ணே" என்றாள் தங்கை.

போய்விட்டான்.