தோற்க வேண்டிய ஆட்டம்

கூடைப்பந்து சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. முழங்கால் வலி என்று ஒன்பது ஆட்டமாக உட்கார வைக்கப்பட்டிருந்த டேரியன் கோல், சாதாரணச் சட்டையில் கீழே பயிற்சிக்கு வந்தான். ஓடி வந்து எம்பி, வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். பிறகு அந்த வலிக்கிற காலாலேயே குதித்து இறங்கினான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நான் சட்டைப்பை நோட்டை எடுத்து நேரத்தையும் காலையும் குறித்துக்கொண்டேன். வலது கால்.

"எழுது, நல்லா எழுது," என்றான் பக்கத்தில் இருந்த கிளிஃப்டன். "நாளைக்கே கோர்ட்ல கேஸ் போட்டுடு."

"வலிக்கிற காலால யாராவது அப்படிக் குதிப்பாங்களா?"

"இருபது வயசுப்பா அவனுக்கு. உன்னையும் என்னையும் மாதிரியா? ராத்திரி தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்."

"அப்ப இன்னிக்கு ஆடலாமே."

கிளிஃப்டன் வேர்க்கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டான்.

இந்த அரங்கத்தின் மேல் அடுக்கில், பதினோராவது வரிசையில், எங்கள் இருவருக்கும் இருபத்திரண்டு வருடமாக அடுத்தடுத்த இருக்கைகள். நான் லாரி அச்சு செய்யும் ஆலையில் அளவு பார்க்கும் வேலையில் இருந்தவன். நல்லது என்று சொல்லி வரும் பொருளில் கெட்டதைத் தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். கிளிஃப்டன் பள்ளிப் பேருந்து ஓட்டியவன். எந்தப் பிள்ளையைப் பார்த்தும் இது உருப்படாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அணி மூன்றாவது முறையாகப் பழைய ஆட்டக்காரர்களையெல்லாம் விற்றுவிட்டு இளைஞர்களைக் கொண்டு புதிதாகக் கட்டப்போகிறோம் என்று அறிவித்தபோது, நான் முதல் இரண்டு முறையும் என்ன ஆனது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் பையன்களின் வயதை எண்ணிக்கொண்டிருந்தான். "கோலுக்கு இருபது. மலாக்கிக்குப் பத்தொன்பது. அந்த லிதுவேனியா நெட்டைப் பையனுக்கு இன்னும் மீசையே ஒழுங்கா முளைக்கல. மூணே வருஷம் பொறு, நார்பர்ட்." இதை அவன் மளிகைக் கடை வரிசையில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொல்லியிருக்கிறான்.

இங்கே உள்ள முறை இதுதான். மோசமாகத் தோற்ற அணிகளுக்கு, அடுத்து வரப்போகும் சிறந்த இளம் ஆட்டக்காரனைப் பிடிக்கும் குலுக்கலில் அதிக வாய்ப்பு. கடைசி மூன்று இடங்களுக்குள் முடித்துவிட்டால் வாய்ப்பு இன்னும் நல்லது. அன்று தோற்றால் நாங்கள் அந்த மூன்றுக்குள். ஜெயித்தால் வெளியே. பிப்ரவரியிலிருந்தே மேல் அடுக்கு முழுக்க இது தெரியும். ஆனால் தோற்கணும் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. 'வருங்காலம்' என்று சொல்லிக்கொள்வோம். எதிரணி பந்து போட்டால் மெதுவாகத் தொடையில் தட்டிக்கொள்வோம். அணி நிர்வாகமும் ஆளுக்கொரு வலியைக் கண்டுபிடித்து நல்ல பையன்களை உட்கார வைக்கும். என் நோட்டில் மூன்று முழங்கால், இரண்டு கணுக்கால், ஒரு முதுகு, ஒரு வயிற்றுக் கோளாறு இருந்தன.

கிளிஃப்டனின் மடியில் எங்கள் சீசன் இருக்கைகளுக்கான புதுப்பிப்புப் படிவம் இருந்தது. மூன்று வருடத்துக்கு. இரண்டு இருக்கைகளையும் சேர்த்துத்தான் தருவார்கள், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கீழே கொடுத்தாக வேண்டும். அவன் போட்டுவிட்டான். நான் போடப்போவதில்லை என்று முடிவு செய்து இரண்டு வாரமாகியிருந்தது. அவனிடம் மட்டும் சொல்லவில்லை. நான் போடாவிட்டால் அவனுக்கும் இடம் போய்விடும். இந்த இடம் போனால், வேறு எதைச் சாக்கு வைத்து நாங்கள் வருடத்துக்கு நாற்பத்தொரு தடவை சந்திப்போம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஏமாற்று வேலைக்குக் கையெழுத்துப் போட எனக்கு வராது.

எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பெண் தனியாக வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். குளிர்கோட்டைக் கழற்றாமலே, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அர்கன்சாஸ் மாநிலத்திலிருந்து பஸ்ஸில் வந்ததாகக் கிளிஃப்டனிடம் சொன்னார். அவன் உடனே வேர்க்கடலையை நீட்டினான்.

"நல்ல காலத்துலதான் வந்திருக்கீங்கம்மா. இந்தப் பசங்களைப் பாத்து வெச்சுக்குங்க. மூணு வருஷம் கழிச்சு டிக்கெட்டே கிடைக்காது."

"மூணு வருஷமா?" என்றார் அந்தப் பெண், கணக்கு உதைப்பதுபோல.

ஆட்டம் நினைத்தபடி போகவில்லை. எதிரணியும் தன் பெரிய ஆட்களை ஓய்வில் வைத்துவிட்டது. நான்கு பகுதி ஆட்டத்தில் மூன்றாம் பகுதி முடிவில் நாங்கள் ஐந்து புள்ளி மட்டுமே பின்னால். அப்போது பயிற்சியாளர் நாற்பத்தொன்றாம் எண்காரனை இறக்கினார். ஜாவன் டில்லர்ட். பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்தவன், வயது இருபத்தாறு, இளம் ஆட்டக்காரர் தேர்வில் எந்த அணியும் எடுக்காதவன். பெஞ்சில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவன்தான் என்பதால் இறக்கினார் என்று நினைக்கிறேன். வருங்காலம் என்று நாங்கள் சொல்வதில் அவனுக்கு இடமே கிடையாது. அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. மூலையிலிருந்து ஒன்று போட்டான். பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி இன்னொன்று. தரையில் விழுந்து, வழுக்கிக்கொண்டே போய்ப் பந்தை மீட்டான். ஒவ்வொரு முறையும் அரங்கம் மூச்சை இழுத்துக்கொண்டது. சந்தோஷத்தில் இல்லை. இரண்டு நிமிடம் இருக்கும்போது நாங்கள் மூன்று புள்ளி முன்னால்.

கிளிஃப்டன் நெற்றியைத் துடைத்தான். "யாருப்பா இவன்? சும்மா இருக்க மாட்டானா?"

"பந்து போடறான்," என்றேன்.

"அடுத்த வருஷம் இவன் இந்தப் பக்கமே இருக்கப்போறதில்ல. இவனால நமக்கு வரவேண்டிய பையன் வேற ஊருக்குப் போயிடுவான்." குரல் ஏறிவிட்டது. டில்லர்ட் மறுபடி மூலையில் பந்தோடு நின்றான். கிளிஃப்டன் எழுந்து நின்று கத்தினான். "தவற விடுடா தம்பி! தவற விடு!"

டில்லர்ட் தவற விட்டான். எதிரணி எடுத்துக்கொண்டு ஓடி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டது. சமநிலை. எங்கள் வரிசை கைதட்டியது.

முன்வரிசைப் பெண் திரும்பினார். கிளிஃப்டனைப் பார்த்தார்.

"அது என் மகன்," என்றார்.

கிளிஃப்டன் நின்றபடியே இருந்தான்.

"இன்னிக்கு அவனுக்கு எட்டாவது நாள். நல்லா ஆடினா வெச்சுக்குவாங்கன்னு சொன்னாங்களாம்." பிறகு சுற்றிலும் பார்த்தார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். வழி கேட்பவர் போலக் கேட்டார். "அவங்க போட்டதுக்கு நீங்கள்லாம் ஏன் கைதட்டுறீங்க?"

குலுக்கல், நூற்றுக்கு எத்தனை, வருங்காலம் எல்லாம் கிளிஃப்டனுக்கு மனப்பாடம். ஆனாலும் உதவிக்கு என்னைப் பார்த்தான். சந்தேகப்படுகிறவன் நான்தானே, என்னிடம் நோட்டு இருக்கிறதே, இது முழுக்க ஏமாற்று வேலை என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு அதைவிட நல்ல சமயம் வராது. ஆனால் என் கைகள் நெஞ்சுக்கு நேரே ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன. நானும் தட்டியிருக்கிறேன்.

நாற்பது வினாடி இருக்கும்போது டில்லர்டை வெளியே அழைத்துவிட்டார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பயிற்சியாளர் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உட்கார்ந்தான். இரண்டு புள்ளியில் தோற்றோம். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பெண் மட்டும் கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார், தேடி முடித்து மூடினார், படியிறங்கிப் போனார்.

கூட்டம் கலைந்தது. நாங்கள் எழவில்லை. கிளிஃப்டன் படிவத்தை என் மடியில் வைத்தான்.

"நீ போடப்போறதில்லன்னு எனக்குத் தெரியும்," என்றான். "ரெண்டு வாரமா என் முகத்தையே நீ பாக்கல."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சொல்லாத. இப்ப வேணாம்." உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்தான். "அந்த நெட்டைப் பையன் இன்னிக்கு இடது கையால ஒண்ணு போட்டான், பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லா போட்டான்ல?"

"நல்லாத்தான் போட்டான்," என்றேன். பொய்யில்லை. ஆனால் அவன் முகம் அதைக் கேட்டு மலரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, நான் சொன்னது உண்மைதானா என்று என் கண்ணுக்குள் தேடினான். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மூடாமலும் எழுதாமலும் உட்கார்ந்திருந்தேன்.

கீழே வேலையாட்கள் வந்துவிட்டார்கள். மறுநாள் இதே இடத்தில் ஐஸ் ஹாக்கி; எங்கள் மரத்தளம் எப்போதும் அதற்கான பனித்தளத்தின் மேல்தான் விரிக்கப்படும். நான்கு பேராகச் சேர்ந்து ஆடுகளத்தின் மரப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தள்ளுவண்டியில் அடுக்கினார்கள். மூலைப் பலகையைத் தூக்கியபோது அதன் அடியில் வெள்ளைப் பனிக்கட்டி தெரிந்தது. அதிலிருந்து ஆவிபோல ஏதோ எழுந்து மேலே வந்தது. எங்கள் வரிசை வரைக்கும் குளிர் வருகிறதா என்று பார்க்கிறவன்போல, கிளிஃப்டன் கையை மெதுவாக முன்னால் நீட்டினான்.