உப்புப் பூத்த தேவர்கள்

யோசுவா இருபது வருஷமாகச் சுவர் சுரண்டுகிறவன். பழைய சுண்ணாம்பை உரித்து, விரிசலை அடைத்து, ப்ரைமர் அடித்து, புட்டிப் பசை இழுத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் கன்னத்தை வைத்தால் வழுக்குகிற சுவராக்கிக் கொடுப்பான். அதற்கப்புறம்தான் விஜின் வருவான், தலை சீவி, சட்டை கசங்காமல். படம் வரைவான். மூலையில் தன் பெயரை எழுதுவான். தொழிலில் அதுதான் வழக்கம். படம் போட்டவன் பெயர் மட்டும்தான் சுவரில் ஏறும்.

இருவரும் மார்த்தாண்டம் பக்கம் ஒரே ஊர், ஒரே சபை, காலையில் ஒரே பஸ்ஸில் எல்லை தாண்டித் தம்பானூரில் வந்து இறங்குகிறவர்கள். விஜின் கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் யோசுவாவுக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டலாம்.

சாஸ்தமங்கலத்தில் பழைய வீடொன்றில் தியான நிலையம் நடத்தும் ஜானவி மேடம் இருவரையும் வேலைக்குக் கூப்பிட்டார். கூடத்துச் சுவர் முழுக்க ஒரு சக்கரம் வரைய வேண்டும். செத்தவர் மறுபடி பிறக்கிற ஆறு உலகமும் அதில் வர வேண்டும். மாதிரிப் படத்தைக் காட்டி மேடம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"மேலே தேவலோகம். அதுக்கு ஒட்டினாப்ல அசுரலோகம். அசுரங்களுக்கு ஒரு குறையும் இல்ல, கேட்டோ. ஆனா நடுவுல ஒரு மரம் உண்டு. வேரு இவங்க பக்கம், பழம் அவங்க பக்கம். அதப் பார்த்துப் பார்த்தே அசூயை பிடிச்சு சண்டைக்குப் போவாங்க. ஒவ்வொரு தடவையும் தோத்துத் திரும்புவாங்க."

யோசுவாவுக்குச் சுருக்கென்றது. வேர் விட்டவனுக்குப் பழம் கிடையாதாமே? அசுரன் கோபப்பட்டதில் என்ன தப்பு?

அன்று டீ குடிக்கும்போது, பல வருஷமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டே விட்டான். "விஜின், இந்தச் சுவருல எனக்க பேரும் எழுதேன்."

விஜின் சிரித்தான். "சுவருக்கு ஆராவது பேரு எழுதுவாங்களா அண்ணே?"

விகல்பம் இல்லாத சிரிப்புதான். ஆனால் யோசுவாவுக்குள் அது அரம் போட்டு அராவியது.

அந்தச் சுவரின் மேல்பாகம் மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிற இடம். இரண்டு கோட் வாட்டர்ப்ரூஃப் அடித்துக் காயவிட்டுத்தான் புட்டி போட வேண்டும். யோசுவாவுக்கு அது தூக்கத்திலும் தெரியும். மற்ற இடமெல்லாம் ஒழுங்காக அடித்தான். தேவலோகம் வருகிற இடத்தில் மட்டும் அடிக்கவில்லை. ஈரத்தின் மேலேயே புட்டியை இழுத்து மூடினான். மழை வரட்டும், விஜினுடைய அழகு உரிந்து விழட்டும் என்று மனசாரச் சபித்துக்கொண்டே தேய்த்தான். பாவி மனுஷன், அந்தத் தேய்ப்பிலும் ஒரு குறை வைக்கவில்லை.

விஜின் தேவர்களை வரைந்தான். சும்மா சொல்லக்கூடாது, மாலையும் பட்டுமாக அப்படியொரு ஒளி. பார்த்தவர்கள் எல்லாம் கண் பேசுகிறது என்றார்கள். மூலையில் விஜின் என்று எழுதியாயிற்று.

ஜூன் மழை பிடித்து இரண்டாவது வாரம் மேடத்திடமிருந்து போன். இருவரும் உடனே வர வேண்டும். யோசுவா அன்று துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனான்.

கூடத்தில் இருபது பேர் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவலோகத்தில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. மாலைகள் வெளிறிக் கிடந்தன. தேவர்களின் அக்குளில் ஈரம் கசிந்து வழிந்தது. பட்டெல்லாம் அழுக்குத் திட்டு. மேடத்தின் கண் கலங்கியிருந்தது, சந்தோஷத்தில்.

"தேவங்களுக்கு ஆயுசு முடியறப்ப இதுதான் அடையாளம். மாலை வாடும், அக்குள் வியர்க்கும், உடுப்பு அழுக்காகும். புஸ்தகத்துல சொன்னது அப்படியே இருக்கு. மழை வந்தா தெரியற மாதிரி எப்படி விஜின் இதை வரைஞ்சே?"

விஜின் திருதிருவென்று விழித்தான். கூட்டம் கை தட்டியது.

யோசுவாவால் தாங்க முடியவில்லை. கெடுத்ததற்கும் இவனுக்கா பேர்? இதுவும் இவனுக்கா?

"அது அவன் செஞ்சதில்ல மேடம்," என்றான். "அந்தச் சுவரு எனக்கது. அடிக்க வேண்டிய வாட்டர்ப்ரூஃப நான்தான் அடிக்காம விட்டேன்."

விஜின் திரும்பினான். "வேணும்னேவா அண்ணே?"

"ஆமா. வேணும்னேதான்."

மேடம், "அப்போ இதுல பாதி உங்க வேலை. உங்க பேரும் இருக்கட்டும்," என்றார்.

விஜின் பையிலிருந்து பிரஷை எடுத்தான். தேவலோகத்துக்கு நேர் கீழே, படத்தின் சட்டத்துக்கு வெளியே, 'சுவர்: யோசுவா' என்று எழுதினான். எழுதி முடித்ததும் பிரஷைக் கழுவிக்கொண்டு தனியாக பஸ்ஸுக்குப் போனான்.

யோசுவா அந்தப் பெயரை எத்தனை தரம் பார்த்தான் என்று கணக்கில்லை. மறுநாளே அதைக் காட்டக் காண்டிராக்டர் ஜெயனைப் போன் செய்து வரவழைத்தான். சாலைக் கடைத்தெருவிலிருந்து கௌடியார் வீடுகள் வரை பெயின்ட் வேலை ஜெயன் கையில்தான். யோசுவாவுக்குப் பாதி வருஷம் சோறு போடுகிறவனும் அவன்தான்.

ஜெயன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் வந்தான். நேராக மேலே பார்த்தான். தேவர்களை அல்ல, உப்பை. ஸ்டூல் போட்டு ஏறி நகத்தால் சுரண்டினான். புட்டி மாவாக உதிர்ந்தது. இறங்கிக் கையைத் தட்டிவிட்டு, குனிந்து பெயரைப் படித்தான்.

"இது நீ செஞ்ச சுவரா யோசுவா?"

யோசுவா ஆமென்று தலையை ஆட்டினான்.

ஜெயன் இன்னொரு தரம் குனிந்து, அந்த எழுத்தின் வளைவை விரலால் தடவிப் பார்த்தான்.

"எழுத்து கொள்ளாம், நல்லா இருக்கு. ஆரு எழுதினது?"

"விஜின்."

"கடைங்களுக்குப் பேரெழுத ஆளு வேணும். அவன் நம்பர் உண்டோ?"

அந்த நம்பர் யோசுவாவுக்கு மனப்பாடம். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான்.